உயர் அழுத்த அகச்சிவப்பு நிறமாலையியல் (வினையூக்க ஆய்வில்)

உயர் அழுத்த அகச்சிவப்பு நிறமாலையியல் என்பது, மிகுந்த வாயு அழுத்தத்திலும் உயர்ந்த வெப்பநிலையிலும் ஒரு வேதிவினை நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தக் கலவையின் ஊடாக அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, அதில் உள்ள சேர்மங்களை இனங்காணும் முறை ஆகும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் போன்ற வாயுக்களைப் பயன்படுத்தும் தொழில்முறை வினைகளில், கரைசலில் கரைந்துள்ள உலோக வினையூக்கி எந்த வடிவில் இருந்து வேலை செய்கிறது என்பதை அறிய இம்முறை பெரிதும் பயன்படுகிறது. மெத்தனாலிலிருந்து அசெட்டிக் அமிலம் தயாரிக்கும் மான்சாண்டோ முறை, கேட்டிவா முறை ஆகிய இரண்டின் வினைவழிமுறைகளும் தெளிவானதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

அழுத்தத்திலேயே பார்ப்பது ஏன்?

வினையூக்கி வினையின் முடிவில் மாறாமல் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் வினையின் நடுவில் அது மாறாமல் இருப்பதில்லை. வினைபடுபொருளோடு சேர்கிறது, வேறொரு சேர்மமாகிறது, பிறகு விளைபொருளை விட்டுவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று ஒவ்வொரு நிமிடமும் பலமுறை நடக்கலாம். சுற்றில் எந்தப் படி மெதுவானது என்று தெரிந்தால்தான் வினையை விரைவாக்க வழி கிடைக்கும்.

வினை முடிந்தபின் கலனைக் குளிரவைத்து, வாயுவை வெளியேற்றி, மிஞ்சிய கரைசலை ஆராய்வது எளிது. அந்த ஆய்வு சொல்வதை அப்படியே நம்புவதுதான் ஆபத்து. கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் கரைந்திருந்த வாயு குமிழிகளாக வெளியேறிவிடுவது போல, அழுத்தம் குறைந்ததும் கரைசலில் இருந்த கார்பன் மோனாக்சைடு வெளியேறுகிறது. அதோடு உலோகத்துடன் பிணைந்திருந்த கார்பன் மோனாக்சைடும் சில சேர்மங்களிலிருந்து பிரிந்துவிடுகிறது. சமநிலை நகர்ந்து புதிய சேர்மங்கள் உண்டாகின்றன. வினையின்போது இருந்தவை மறைந்து, வினையின்போது இல்லாதவை தோன்றும். குளிர்ந்த கரைசலில் காணப்படும் சேர்மத்தை வினையூக்கி என்று கொள்வது, ஆலை மூடியபின் வாயிலில் நிற்பவர்களை மட்டும் எண்ணி உள்ளே என்ன வேலை நடந்தது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கோபால்ட் வினையூக்கி. ஆல்கீன்களோடு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து ஆல்டிஹைடு தயாரிக்கும் ஹைட்ரோஃபார்மைலேற்ற வினையை ஜெர்மனியின் ஓட்டோ ரோலன் 1938-ல் கண்டறிந்தார். இதில் வேலை செய்யும் கோபால்ட் ஹைட்ரைடு கார்பனைல், போதிய கார்பன் மோனாக்சைடு அழுத்தம் இல்லாவிட்டால் சூட்டில் சிதைந்து கோபால்ட் உலோகமாகப் படிந்துவிடும். ஹெக், பிரெஸ்லோ ஆகியோர் 1960-களின் தொடக்கத்தில் முன்வைத்த வினைவழிமுறை, பெரும்பாலும் மிதமான நிலைமைகளில் தனித்தனியாகச் செய்துபார்த்த வினைகளிலிருந்து பெறப்பட்டது. உண்மையான தொழிற்சாலை நிலைமைகளில் அது பொருந்துமா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ராபின் வைமன் 1970-களில் உயர் அழுத்தக் கலங்களைக் கொண்டு இவ்வினையை நேரடியாக ஆராய்ந்தார். 1-ஆக்டீன் வினைபுரியும்போது, அவர்கள் ஊகித்திருந்த அசைல் கோபால்ட் கார்பனைல் சேர்மத்தின் பட்டைகள் நிறமாலையில் காணப்பட்டன.

கார்பன் மோனாக்சைடு தரும் செய்தி

அகச்சிவப்புக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்புகளை அதிரவைக்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அதிர்வெண்ணில் கதிரை உட்கவர்வதால் நிறமாலையில் பட்டைகள் தோன்றுகின்றன. இவற்றை அலைஎண்ணில் குறிப்பிடுவது வழக்கம். அதன் அலகு செ.மீ⁻¹. தனித்த கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் அலைஎண் 2143.

இந்த மூலக்கூறு ஓர் உலோகத்துடன் இணையும்போது அதன் அலைஎண் பெரும்பாலும் குறைகிறது. உலோகம் தன் எலக்ட்ரான்களில் ஒரு பகுதியை கார்பன் மோனாக்சைடின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குத் தருவதே காரணம். அதனால் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது; தளர்ந்த பிணைப்பு மெதுவாக அதிர்கிறது. உலோகத்தில் எலக்ட்ரான் செழிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு கீழே பட்டை இறங்கும். ஆகவே ஓர் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை ஒன்றிலிருந்து மூன்றாக உயர்ந்தால் பட்டை மேலே ஏறிவிடும். இரண்டு உலோக அணுக்களுக்கு நடுவே பாலமாக நிற்கும் கார்பன் மோனாக்சைடு 1850 அளவிலோ அதற்குக் கீழோ தோன்றும். அது மெத்தில் தொகுதியோடு சேர்ந்து அசெட்டைல் தொகுதியாகிவிட்டால், பட்டை 1700-க்கு அருகே இறங்கிவிடும்.

பட்டைகளின் எண்ணிக்கையும் செய்தி தருகிறது. ஒரு சதுரத் தள அணைவில் இரண்டு கார்பன் மோனாக்சைடுகள் அடுத்தடுத்து இருந்தால், இரண்டும் ஒரே கட்டத்தில் அதிர்வதற்கு ஒன்றும், எதிரெதிர்க் கட்டத்தில் அதிர்வதற்கு ஒன்றுமாக இரண்டு பட்டைகள் வரும். அவை நேர் எதிரே இருந்தால், முதல் வகை அதிர்வில் இருமுனைத் திருப்புத்திறன் மாறாததால் ஒரே பட்டைதான் வரும். இவ்வாறு பட்டைகளை எண்ணிப் பார்த்தே அணைவின் வடிவத்தைச் சொல்ல முடிகிறது.

இன்னொரு வசதி, இந்தப் பட்டைகள் மிக வலிமையானவை. ஒரு லிட்டரில் ஒரு மில்லிமோல் அளவே உலோகம் கரைந்திருந்தாலும் கண்டுகொள்ளலாம். அதோடு 1850 முதல் 2150 வரையுள்ள பகுதியில் பெரும்பாலான கரிமக் கரைப்பான்களுக்கு வலுவான உட்கவர்தல் இல்லை. காலியான மைதானத்தில் விளையாடுவதைப் போல அங்கே உலோகக் கார்பனைல்கள் தனித்துத் தெரிகின்றன. சாதாரண கார்பன்-12-க்குப் பதிலாகக் கார்பன்-13 கொண்ட வாயுவைச் செலுத்தினால் பட்டைகள் ஏறக்குறைய 45 செ.மீ⁻¹ கீழே நகரும். எந்தப் பட்டை நகர்கிறது, எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று பார்த்து, எந்தக் கார்பன் மோனாக்சைடு வெளியிலிருந்து வந்தது என்று கண்டறியலாம்.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையோடு ஒப்பிடும்போது இம்முறைக்குக் காலம் சார்ந்த நன்மையும் உண்டு. இந்த அதிர்வுகள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 6 × 10¹³ முறை நிகழ்பவை. எனவே ஒன்றுக்கொன்று விரைவாக மாறிக்கொண்டிருக்கும் இரண்டு சேர்மங்கள்கூட நிறமாலையில் தனித்தனியே தெரியும். காந்த ஒத்ததிர்வில் அவை பல நேரங்களில் கலந்து சராசரியாகத் தெரியும்.

கலனின் அமைப்பும் அதில் உள்ள பொறிகளும்

சாதாரண அகச்சிவப்பு ஆய்வில் சோடியம் குளோரைடு படிகத் தட்டுகளே, அதாவது சமையல் உப்பே, சன்னலாகப் பயன்படுகிறது. நீரும் அமிலமும் உள்ள, 50 வளிமண்டல அழுத்தத்தில் கொதிக்கும் கலவைக்கு அது உதவாது. கால்சியம் புளோரைடு, ஜிங்க் சல்பைடு, சிலிக்கான், நீலக்கல் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் நீலக்கல் மிக உறுதியானது. ஆனால் தடித்த நீலக்கல் சன்னல் ஏறக்குறைய 1800 செ.மீ⁻¹-க்குக் கீழே கதிரை மறைக்கத் தொடங்கிவிடுகிறது. உலோகக் கார்பனைல் தெரியும், அசெட்டைல் தெரியாது. எந்தச் சன்னலைத் தேர்ந்தாலும் எதையோ இழக்க வேண்டியிருக்கும்.

கலங்கள் இரு வகை. ஒன்று ஊடுருவல் கலம். இதில் இரண்டு சன்னல்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தடிமனில் கரைசல் இருக்கும். கதிர் அதன் ஊடாகச் செல்லும். பெரும்பாலும் அழுத்தக் கலனிலிருந்து சிறு குழாய் வழியே கரைசலை எடுத்து இந்தக் கலத்தின் வழியாகச் சுற்றவிடுவார்கள். மற்றது அக எதிரொளிப்புக் கலம். இதில் ஓர் உருளைப் படிகம் அழுத்தக் கலனின் உள்ளேயே கரைசலில் மூழ்கியிருக்கும். கதிர் படிகத்துக்குள் முழு அக எதிரொளிப்பு அடைந்து பலமுறை மோதிச் செல்லும்போது, படிகத்தைத் தொட்டுள்ள கரைசலில் ஒரு மைக்ரோமீட்டர் அளவு ஆழம் வரை மட்டும் ஊடுருவித் திரும்பும்.

முதல் வகையில் மறைந்துள்ள பொறி ஒன்று உண்டு. குழாய்க்குள் போன கரைசலுக்கு மேல் வாயு இல்லை. கலக்கும் கருவியும் இல்லை. வினை அங்கும் நடந்துகொண்டிருப்பதால், கரைந்திருந்த கார்பன் மோனாக்சைடு தீர்ந்துபோகிறது. ஓட்டம் மெதுவாக இருந்தால், சன்னலுக்கு முன் வந்து சேரும் கரைசல் பெரிய கலனில் உள்ளதன்று; பட்டினியில் வாடிய கரைசல். அழுத்தமானி 50 காட்டும், கரைசலுக்குள் அதற்குரிய வாயு இருக்காது. உள்ளேயே மூழ்கியிருக்கும் படிகத்தில், நன்றாகக் கலக்கினால், இந்தத் தொல்லை பெருமளவு தவிர்க்கப்படுகிறது. ஆனால் கரைசலிலிருந்து உலோகம் படிந்தால் அது படிகத்தின் மீதே படியும்.

இரண்டாவது பொறி எஃகு. அழுத்தமுள்ள கார்பன் மோனாக்சைடு, எஃகில் உள்ள இரும்போடும் நிக்கலோடும் மெல்ல வினைபுரிந்து அவற்றின் கார்பனைல்களை உண்டாக்கும். எஃகு உருளைகளில் நெடுங்காலம் சேமித்த வாயுவிலேயே இரும்பு பென்டாகார்பனைல் கலந்திருக்கும். இதன் பட்டைகள் 2000 முதல் 2025 வரையுள்ள பகுதியில், அதாவது ஆய்வாளர் ஆவலோடு தேடும் அதே இடத்தில் தோன்றுகின்றன. கலனின் சுவரிலிருந்து வந்த இரும்பைப் புதிய இடைநிலைச் சேர்மம் என்று கொண்டாடிவிடக் கூடும். ஆகவே வினையூக்கி சேர்க்காத வெற்றுச் சோதனை ஒன்றை முதலில் நடத்துவது அவசியம். அயோடைடு உள்ள கலவைகளுக்கு அரிப்பைத் தாங்கும் ஹேஸ்டலாய் போன்ற நிக்கல் உலோகக் கலவைகளால் ஆன கலன்களைப் பயன்படுத்துகிறார்கள். கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. நிக்கல் கார்பனைல் அதைவிடக் கொடியது. வாயுக் கசிவை உணர்த்தும் கருவி இல்லாமல் இச்சோதனைகளைச் செய்யக் கூடாது.

ரோடியம்: மான்சாண்டோ முறை

மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் இணைத்து அசெட்டிக் அமிலம் பெறும் தொழில்முறையை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1960-ல் கோபால்ட் வினையூக்கியைக் கொண்டு நடத்தியது. அதற்கு ஏறக்குறைய 700 வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் பாலிக், ராத் ஆகியோர் ரோடியமும் அயோடைடும் சேர்ந்த வினையூக்கியை 1968-ல் வெளியிட்டனர். 1970-ல் டெக்சாஸ் சிட்டியில் ஆலை தொடங்கியது. 150 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 30 முதல் 60 வளிமண்டல அழுத்தமும் போதுமானதாக இருந்தன. மெத்தனாலில் 99 விழுக்காட்டுக்கு மேல் அசெட்டிக் அமிலமாக மாறியது.

ரோடியத்தை எந்தச் சேர்மமாக உள்ளே போட்டாலும் வினையின் வேகம் ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் எல்லாம் உள்ளே போய் ஒரே சேர்மமாகின்றன என்று கருத வேண்டியிருந்தது. அது எது? மான்சாண்டோவைச் சேர்ந்த டெனிஸ் ஃபார்ஸ்டர் 1970-களில் வினை நிலைமைகளிலேயே நிறமாலை எடுத்தார். 2060, 1990 செ.மீ⁻¹ அருகில் இரண்டு வலுவான பட்டைகள் தெரிந்தன. அவை ஒற்றை எதிர்மின் சுமையுள்ள ஓர் அணைவுக்கு உரியவை. அதில் ஒரு ரோடியம் அணுவோடு அடுத்தடுத்து இரண்டு கார்பன் மோனாக்சைடும் இரண்டு அயோடைடும் பிணைந்துள்ளன. ரோடியத்தின் ஆக்சிஜனேற்ற நிலை ஒன்று.

இந்தப் பட்டைகள் மட்டும் வினைவழிமுறையைச் சொல்லிவிடவில்லை. வேக அளவீடுகளோடு சேர்த்தபோதுதான் அவை பொருள் தந்தன. வினையின் வேகம் ரோடியத்தின் செறிவுக்கும் மெத்தில் அயோடைடின் செறிவுக்கும் நேர்விகிதத்தில் இருந்தது. மெத்தனாலைக் கூட்டினாலும், ஓர் அளவுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு அழுத்தத்தைக் கூட்டினாலும் வேகம் மாறவில்லை. ரோடியம் முழுவதும் ஒரே வடிவில் தேங்கி நிற்கிறது. அந்த வடிவம் மெத்தில் அயோடைடுக்காகக் காத்திருக்கிறது. எனவே மெத்தில் அயோடைடு ரோடியத்தோடு சேரும் ஆக்சிஜனேற்றச் சேர்க்கையே வேகத்தை நிர்ணயிக்கும் படி என்ற முடிவு கிடைத்தது.

அதன்பின் நடப்பவை விரைவானவை. ரோடியத்தில் ஏறிய மெத்தில் தொகுதி பக்கத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு இடம்பெயர்ந்து அசெட்டைல் தொகுதியாகிறது. காலியான இடத்தில் புதிய கார்பன் மோனாக்சைடு அமர்கிறது. அசெட்டைல் அயோடைடு பிரிந்து போகிறது. நீர் அதை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜன் அயோடைடாகவும் பிரிக்கிறது. ஹைட்ரஜன் அயோடைடு மெத்தனாலை மறுபடி மெத்தில் அயோடைடு ஆக்குகிறது.

இந்தச் சுற்றில் ஒரு கண்ணி நெடுநாள் கண்ணில் படவில்லை. மெத்தில் தொகுதி ஏறிய ரோடியம் அணைவு தோன்றிய கணமே அசெட்டைலாகிவிடுவதால் அது தேங்குவதில்லை. 1991-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஆண்டனி ஹெய்ன்ஸ், பீட்டர் மெய்ட்லிஸ் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் மெத்தில் அயோடைடையே கரைப்பானாகக் கொண்டு அதன் செறிவை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது 2104 செ.மீ⁻¹-இல் மிகச் சிறிய பட்டை ஒன்று தெரிந்தது. அது தேடிய சேர்மத்தினுடையதே. இந்தச் சோதனை உயர் அழுத்தத்தில் செய்யப்பட்டதன்று என்பது குறிப்பிடத்தக்கது. உயர் அழுத்த நிறமாலை எந்தச் சேர்மம் தேங்குகிறது என்று காட்டியது. தேங்காத சேர்மத்தைப் பிடிக்க வேறு தந்திரம் வேண்டியிருந்தது.

ஆலையின் செலவுக்கும் இந்த நிறமாலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரோடியத்தின் ஒரு பகுதி ஹைட்ரஜன் அயோடைடோடு வினைபுரிந்து, நான்கு அயோடைடுகள் கொண்ட மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலை அணைவாகிவிடும். அது மெத்தில் அயோடைடோடு வினைபுரியாது. அதன் பட்டை 2090-க்கு அருகில் எழுவதைக் கண்டால், உலோகம் வேலை செய்யாமல் முடங்குகிறது என்று பொருள். கார்பன் மோனாக்சைடு குறைந்த இடங்களில், குறிப்பாக விளைபொருளை ஆவியாக்கிப் பிரிக்கும் தாழ்ந்த அழுத்தக் கலனில், அது மேலும் சிதைந்து கரையாத ரோடியம் அயோடைடாகப் படியும். தங்கத்தோடு வைத்து எண்ணப்படும் உலோகம் குழாயின் அடியில் வண்டலாகும். இதைத் தடுக்க மான்சாண்டோ முறையில் கலவையில் நீரை மிகுதியாக வைத்திருந்தார்கள். அந்த நீரைப் பின்னர் வடித்துப் பிரிப்பதற்கே பெருமளவு ஆற்றல் செலவானது. லித்தியம் அயோடைடு சேர்த்தால் குறைந்த நீரிலும் ரோடியம் நிலைத்திருக்கும் என்பதைப் பயன்படுத்தி செலனீஸ் நிறுவனம் பின்னர் இந்த முறையை மேம்படுத்தியது.

இரிடியம்: கேட்டிவா முறை

மான்சாண்டோ தொழில்நுட்பத்தின் உரிமையை 1986-ல் பி.பி. நிறுவனம் வாங்கியது. 1996-ல் அது இரிடியத்தை வினையூக்கியாகவும் ருத்தேனியத்தைத் துணையாகவும் கொண்ட கேட்டிவா முறையை அறிவித்தது. தனிம அட்டவணையில் ரோடியத்துக்கு நேர் கீழே உள்ள தனிமம் இரிடியம். ஆகவே சுற்றும் ஒன்றாகவே இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். படிகளின் பெயர்கள் ஒன்றுதான். மெதுவான படிதான் வேறு.

இரிடியம் வினையூக்கியை ஃபார்ஸ்டர் 1979-லேயே நிறமாலை கொண்டு ஆராய்ந்து, நிலைமைகளைப் பொறுத்து அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகள் உண்டு என்று காட்டியிருந்தார். வினை வேகமாக நடக்கும் நிலைமைகளில் உயர் அழுத்த நிறமாலையில் மேலோங்கித் தெரிவது, ரோடியத்தில் கண்ணில் படாமல் நழுவிய அதே வகைச் சேர்மம். அதாவது மெத்தில் தொகுதி ஏறிய, மூன்று அயோடைடுகளும் இரண்டு கார்பன் மோனாக்சைடுகளும் கொண்ட அணைவு. அதன் பட்டைகள் ஏறக்குறைய 2100, 2045 செ.மீ⁻¹. மெத்தில் அயோடைடு இரிடியத்தோடு சேரும் வேகம் ரோடியத்தைவிட நூறு மடங்குக்கும் அதிகம். எனவே அந்தப் படியில் காத்திருப்பு இல்லை. மெத்தில் தொகுதி கார்பன் மோனாக்சைடுக்கு இடம்பெயர்வதில்தான் தாமதம்.

தாமதத்துக்குக் காரணம் அயோடைடு. இரிடியம் அணைவிலிருந்து ஓர் அயோடைடு விலகி, அந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு அமர்ந்தால் இடம்பெயர்வு பன்மடங்கு விரைவாகிறது. கரைசலில் அயோடைடு அயனி மிகுந்திருந்தால் விலகிய அயோடைடு திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். ரோடியத்துக்கு மருந்தாக இருந்த லித்தியம் அயோடைடு இரிடியத்துக்குத் தடையாவது இதனால்தான். ஒரு முறையில் பயன்பட்ட உத்தியை மறுமுறைக்குக் கண்மூடி எடுத்துச் சென்றிருந்தால் ஆலை மந்தமாகியிருக்கும்.

ருத்தேனியத்தின் பங்கும் இங்கேதான் விளங்குகிறது. ருத்தேனியம் தனியே இருந்தால் இந்த வினையை ஊக்குவிப்பதில்லை. மூன்று கார்பன் மோனாக்சைடும் இரண்டு அயோடைடும் கொண்ட அதன் அணைவு, இன்னொரு அயோடைடை ஏற்று எதிர்மின் அயனியாகிறது. இரிடியத்திடமிருந்து அயோடைடை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலைதான் அதனுடையது. இந்த ருத்தேனியம் அயனி வினைக் கலவையில் இருப்பதை உயர் அழுத்த நிறமாலை காட்டியது. ஆனால் அதன் ஒரு பட்டை இரிடியம் அணைவின் 2100 பட்டைக்கு மிக அருகிலேயே விழுகிறது. அதனால் மேல் பட்டையை மட்டும் நம்பாமல், மற்றப் பட்டைகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. துணை உலோகம் இல்லாமல் எடுத்த நிறமாலையை ஒப்புக்கு வைத்துக்கொள்வதும் தேவைப்பட்டது.

முறையின் எல்லைகள்

ஹைட்ரஜன், நைட்ரஜன் போன்ற ஒரே தனிம ஈரணு மூலக்கூறுகள் அகச்சிவப்புக் கதிரை உட்கவர்வதில்லை. எனவே ஹைட்ரஜன் பங்கேற்கும் வினையில் அது எவ்வளவு கரைந்துள்ளது என்பதை இம்முறை நேராகச் சொல்லாது. உலோகத்துக்கும் அயோடினுக்கும் இடையிலான பிணைப்புகள் மிகத் தாழ்ந்த அலைஎண்ணில் அதிர்வதால் வழக்கமான சன்னல்கள் வழியே அவை தெரிவதில்லை; ஓர் அணைவில் எத்தனை அயோடைடு உள்ளது என்பதைக் கார்பன் மோனாக்சைடு பட்டைகளைக் கொண்டு ஊகிக்கவே முடியும். நீரும் அசெட்டிக் அமிலமும் 1600 முதல் 1800 வரையுள்ள பகுதியை அடைத்துக்கொள்வதால், அசெட்டைல் பட்டைகள் அவற்றுள் புதைந்துவிடுகின்றன.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது, நிறமாலையில் ஓங்கி நிற்கும் பட்டை எதைக் காட்டுகிறது என்பது. அதிகமாக இருக்கும் சேர்மம் சுற்றில் உள்ளதாக இருக்கலாம். சுற்றுக்கு வெளியே ஒதுங்கி நிற்பதாகவும் இருக்கலாம். மான்சாண்டோ முறையின் 2060 பட்டையும், முடங்கிய ரோடியத்தின் 2090 பட்டையும் ஒரே நிறமாலையில் அருகருகே நிற்கின்றன. எது வேலை செய்கிறது, எது ஓய்ந்துவிட்டது என்று பட்டையின் உயரம் சொல்லாது. மெத்தில் அயோடைடின் செறிவையோ அழுத்தத்தையோ மாற்றி, பட்டைகள் கூடிக் குறைவதையும் வினையின் வேகம் கூடிக் குறைவதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் இன்று இக்கலங்களோடு, வாயு எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்று தொடர்ந்து பதிவுசெய்யும் கருவியும் இணைக்கப்படுகிறது. அதன்மூலம் ஒரே சோதனையில் நிறமாலையும் வேகமும் ஒன்றாகக் கிடைக்கின்றன.